வாசகர் கேள்வி–பதில்: துணைமின் நிலையக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதம்

சென்னை நகருக்குள் வரும் மின்பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, புதிய துணைமின் நிலையங்களில், பழுதைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேக்கள் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே அதிகம் என்பதால், இந்த முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

பொறியியல் மாணவி, கிண்டி: ஒரே துணைமின் நிலையத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் ரிலேக்களும் மீட்டர்களும் இருக்கின்றனவே, ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு எப்படிப் புரிகிறது? ஒவ்வொரு முறையும் எல்லா விவரத்தையும் அனுப்பாமல் சிக்கனமாகச் செய்தி பரிமாறுவது எப்படி?

பழைய நிலைமையிலிருந்து தொடங்கினால்தான் புதியதன் அருமை தெரியும். 1979இல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காகத் தோன்றிய மோட்பஸ் என்ற முறை துணைமின் நிலையங்களுக்குள்ளும் புகுந்து பல்லாண்டு வேலை செய்தது, இன்றும் செய்கிறது. அதில் ஓர் அளவுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே உண்டு. ஒரு நிறுவனத்தின் ரிலேயில் ஏழாம் எண் பெட்டியில் மின்னழுத்தம் இருக்கும். இன்னொரு நிறுவனத்தின் ரிலேயில் அதே ஏழாம் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் வெப்பநிலை இருக்கும். எது எங்கே என்பது அந்தந்த நிறுவனத்தின் அட்டவணைப் புத்தகத்தில்தான் எழுதியிருக்கும், அந்தப் புத்தகமோ தேடும்போது கிடைக்காது. போதாக்குறைக்கு, மையக் கணினி ஒவ்வொரு கருவியையும் வரிசையாகக் கூப்பிட்டு "ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விநாடிக்கு 9,600 பிட் ஓடும் ஒரு தொடர்கம்பியில் ஒரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து ஐம்பது அறுபது பைட் என்று வைத்துக்கொண்டாலும், இருபது கருவிகளைச் சுற்றி வருவதற்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். அந்தச் சுற்றில் பெரும்பாலான கருவிகள் சொல்லும் பதில், ஒன்றும் மாறவில்லை என்பதுதான்.

2003 முதல் 2005 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஐ.இ.சி. 61850 என்ற சர்வதேசத் தரநிலை, செய்தியை எப்படி அனுப்புவது என்பதற்கு முன்பாக, எதற்கு என்ன பெயர் என்பதைத் தீர்த்துவைத்தது. மின்சுற்றைத் துண்டிக்கும் கருவியான பிரேக்கர் என்றால் எக்ஸ்.சி.பி.ஆர்., நேரத் தாமதத்துடன் கூடிய மிகைமின்னோட்டப் பாதுகாப்பு என்றால் பி.டி.ஓ.சி., தொலைவுப் பாதுகாப்பு என்றால் பி.டி.ஐ.எஸ்., அளவீடு என்றால் எம்.எம்.எக்ஸ்.யு. என்று ஒவ்வொரு வேலைக்கும் நான்கெழுத்துப் பெயர். எந்த நிறுவனம் தயாரித்தாலும் பிரேக்கரின் நிலை அந்தப் பெயரின் கீழ் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனுடன் அந்தத் தகவலின் தரமும், மாறிய நேரமும் சேர்ந்தே இருக்கும். நிலை என்பதும் வெறும் ஆம், இல்லை அன்று. திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, சொல்லும் தகவலே பழுது என்று நான்கு மதிப்புகள் அதற்கு உண்டு. நடுவில் நிற்கும் பிரேக்கரை மூடியிருப்பதாக எண்ணி வேலை செய்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நான்கின் மதிப்பு தெரியும்.

இனி சிக்கனம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோகும் வரை, திருமணத்துக்கு வாழ்த்துத் தந்தி கொடுப்பவர்கள் முழு வாக்கியத்தையும் எழுதிக் காசை இழக்க மாட்டார்கள். தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாக்கியங்களுக்கு எண் இட்ட பட்டியல் ஒன்று இருக்கும். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும். கம்பியில் போவது எண் மட்டும்தான், மறுமுனையில் இருப்பவர் தம்மிடம் உள்ள அதே பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தை எழுதி மணமக்களிடம் சேர்ப்பார். 61850 செய்வதும் ஏறக்குறைய இதுவே. எந்தெந்தத் தகவல்கள் எந்த வரிசையில் போகும் என்ற பட்டியல், அதாவது தரவுத்தொகுதி, நிலையத்தை அமைக்கும்போதே கோப்பில் எழுதப்பட்டு இரு முனைக்கும் தெரிந்துவிடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு தகவலின் பெயரும் போவதில்லை. அந்த வரிசையில் மதிப்புகள் மட்டும் போகின்றன.

கட்டுப்பாட்டு அறைக் கணினிக்குச் செல்லும் அறிக்கைகளில் இது இன்னும் ஒருபடி மேலே போகிறது. நாற்பது தகவல்கள் கொண்ட தொகுதியில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், நாற்பது பிட் நீளமுள்ள ஒரு வரிசையில் அந்த இடத்தில் மட்டும் 1 இட்டு, மாறிய ஒரு மதிப்பை மட்டும் கருவி அனுப்புகிறது. யாரும் கேட்க வேண்டியதில்லை. மாறினால் அதுவே சொல்லும். மின்னழுத்தம் போன்று ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் அளவுகளுக்கு, எவ்வளவு மாறினால் சொல்ல வேண்டும் என்ற வரம்பையும் வைக்கலாம். அந்த வரம்பு முழு அளவின் ஆயிரத்தில் ஒரு சதவீதம் என்ற அலகில் எழுதப்படுவதால், 1,000 என்று எழுதினால் ஒரு சதவீதம் என்று பொருள். இதை 1 என்று எழுதிவிட்டு, ஏன் கணினி திணறுகிறது என்று இரவெல்லாம் தேடியவர்கள் உண்டு. இணைப்பு சற்று நேரம் அறுந்திருந்தாலும் அதுவரை நடந்தவற்றைச் சேமித்து வைத்துப் பின்னர் வரிசை மாறாமல் அனுப்பும் அறிக்கை வகையும் இருக்கிறது. பிரேக்கர் நிலை போன்றவற்றுக்கு அதையே பயன்படுத்துவது நல்லது.

பேனல் தயாரிப்பவர், அம்பத்தூர்: கூஸ் செய்தி மூன்று மில்லி விநாடியில் சேர வேண்டும் என்கிறார்கள். பெற்றுக்கொண்டேன் என்ற பதிலே இல்லாமல் அனுப்புகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். பதில் வராத செய்தியை நம்பி, பிரேக்கரைத் திறக்கும் ட்ரிப் கட்டளையை எப்படிக் கொடுப்பது?

61850இல் கருவிக்குக் கருவி போகும் விரைவுச் செய்திக்குக் கூஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் வாத்தினத்துப் பறவையின் பெயர்போல ஒலிக்கும் அது, துணைமின் நிலைய நிகழ்வுச் செய்தி என்று பொருள்படும் ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் அறிக்கை சற்றுத் தாமதித்தால் திரையில் ஓர் எழுத்து தாமதமாக நிறம் மாறும், அவ்வளவுதான். ஒரு ரிலே இன்னொரு ரிலேக்கு "உன் பிரேக்கரைத் திற" என்று சொல்வது அப்படித் தாமதிக்கக் கூடாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குள் செய்தி அடுத்த ரிலேயின் முடிவெடுக்கும் பகுதிக்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்த மூன்று மில்லி விநாடி விதி. கம்பியில் ஓடும் நேரம் மட்டும் அன்று, அனுப்புபவர் பொட்டலம் கட்டும் நேரமும் பெறுபவர் பிரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

இணையத்தில் நாம் பயன்படுத்தும் டி.சி.பி. முறை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரசீது கேட்கும். ரசீது வரவில்லை என்றால் காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பும். அந்தக் காத்திருப்பே நமக்குக் கொள்ளாது. ஆகவே கூஸ் செய்தி அந்த அடுக்குகளையெல்லாம் விட்டுவிட்டு, 88பி8 என்ற தனி வகை எண்ணுடன் நேரடியாக ஈதர்நெட் சட்டகத்தில், அதாவது நிலைய வலையமைப்பின் அடிப்படைப் பொட்டலத்தில், ஏறிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் பல கருவிகள் கேட்கும்படி பொது முகவரிக்கு அனுப்பப்படுகிறது. பத்து ரிலேக்களுக்குச் சொல்ல வேண்டியதற்குப் பத்துச் செய்திகள் தேவையில்லை.

ரசீது இல்லாத குறையைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் தீர்க்கிறார்கள். நிகழ்வு நடந்தவுடன் முதல் செய்தி. ஓரிரு மில்லி விநாடியில் அதே செய்தி மறுபடியும். பிறகு இடைவெளி சிறிது சிறிதாகக் கூடி, ஏதும் மாறாதபோது ஒரு விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் நின்றுவிடும். இடைவெளிகளைத் தயாரிப்பாளரும் அமைப்பவரும் முடிவுசெய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு செய்தியிலும் இரண்டு எண்கள் இருக்கும். நிலை மாறும்போது மட்டும் ஏறும் எண் ஒன்று. ஒவ்வொரு மறுபதிப்புக்கும் ஏறி, நிலை மாறியவுடன் பூச்சியத்துக்குத் திரும்பும் எண் இன்னொன்று. முதல் எண் ஏறியிருந்தால் புதிய சேதி, இரண்டாவது மட்டும் ஏறியிருந்தால் பழைய சேதியே என்று பெறுபவர் கணத்தில் பிரித்துவிடலாம். முதல் சட்டகம் தொலைந்தாலும் இரண்டாவதோ மூன்றாவதோ சேர்ந்துவிடும்.

நெரிசலைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில் 200 பைட் நீளமுள்ள கூஸ் செய்தி 16 மைக்ரோ விநாடியில் கடந்துவிடும். அதற்கு முன்னால் யாரோ இறக்கும் பழுதுப்பதிவுக் கோப்பின் மிகப் பெரிய சட்டகம் ஒன்று நுழைந்துவிட்டது என்றால், அது முடியும் வரை ஏறத்தாழ 122 மைக்ரோ விநாடி காத்திருக்க வேண்டும். கூஸ் செய்தியில் முன்னுரிமை எண் குறிக்கப்பட்டிருப்பதால், வலையமைப்பு ஸ்விட்சில் அதற்குப் பின்னால் இன்னொரு பெரிய சட்டகம் முந்த முடியாது. வழியில் நான்கு ஸ்விட்சுகள் இருந்து, நான்கிலும் இதே கெட்ட நேரம் வாய்த்தாலும் அரை மில்லி விநாடிதான் போகும்.

செம்புக் கம்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வியப்பு. கம்பியில் மின்சாரம் நொடியில் பாய்ந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அனுப்பும் ரிலேயின் உள்ளே இருக்கும் சிறிய தொடுமுனை இழுபட்டு மூடுவதற்குப் பொதுவாக ஐந்து முதல் பத்து மில்லி விநாடி ஆகும், பெறும் ரிலே அது அதிர்வா உண்மையா என்று உறுதிசெய்யச் சில மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். ஆக, கம்பி தாமதிக்காவிட்டாலும் கம்பியின் இரு முனைகளும் தாமதிக்கின்றன. கூஸ் அந்த இரண்டையும் தவிர்த்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பைட் கணக்கில் கூஸ் ஒன்றும் பெரிய சிக்கனக்காரர் அன்று. ஆம், இல்லை என்ற ஒரு மதிப்பு அதில் வகை, நீளம், மதிப்பு என மூன்றே பைட்டில் அடங்கிவிடும். ஆனால் எந்தத் தொகுதி, எந்தக் கட்டுப்பாட்டுத் தொகுப்பு என்ற நீண்ட பெயர்களை ஒவ்வொரு செய்தியிலும் எழுத்தெழுத்தாக அது சுமந்துகொண்டுதான் திரிகிறது. அதன் மிச்சம் எல்லாம் நேரத்திலும், கேட்காமலே சொல்வதிலும், ஒருமுறை சொன்னதைப் பலர் கேட்பதிலும்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பெரம்பூர்: முப்பது வருடம் கம்பி முனையில் மாட்டிய ஃபெருல் எண் பார்த்து, கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்து வேலை செய்தவன் நான். கண்ணுக்குத் தெரியாத செய்தியை எந்தத் துணிச்சலில் நம்புவது?

ஐயா, உங்கள் சந்தேகத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் நானும் அதே சந்தேகத்தோடுதான் இதற்குள் வந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு தளர்ந்த திருகு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு 110 கிலோவோல்ட் நிலையத்தில், ஒரு பிரேக்கர் திறக்கத் தவறினால் அதே பஸ்ஸில், அதாவது பல மின்பாதைகள் சேரும் பொதுக் கடத்தியில், உள்ள மற்றவற்றைத் திறக்கச் சொல்லும் கம்பி, டெர்மினல் பிளாக்கில் கழன்று கிடந்ததை ஆண்டுச் சோதனையின்போது கண்டுபிடித்தோம். எத்தனை மாதமாக அப்படிக் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிரேக்கரின் ட்ரிப் காயில் சுற்றைக் கண்காணிக்கத் தனி ரிலே உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பேனலுக்குப் பேனல் ஓடும் நூற்றுக்கணக்கான சமிக்ஞைக் கம்பிகளை யார் கண்காணித்தார்கள்? தேவைப்படாத வரை அந்தக் கம்பியில் ஒன்றும் ஓடாது. அறுந்த கம்பியும் அமைதியாக இருக்கும் கம்பியும் ஒன்றுபோலவே இருக்கும்.

கூஸ் செய்தியில் அந்த மயக்கம் இல்லை. ஒவ்வொரு செய்தியும், இன்னும் எத்தனை மில்லி விநாடிக்கு நான் செல்லுபடியாவேன் என்று தன் ஆயுளையும் சொல்லிக்கொண்டே வருகிறது. அந்தக் காலத்துக்குள் அடுத்தது வராவிட்டால், பெறும் ரிலே தொடர்பு அறுந்தது என்று அலாரம் கொடுத்துவிடும். அறுந்த இழை ஆண்டுச் சோதனை வரை காத்திருப்பதில்லை, ஓரிரு விநாடியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அப்படி அறுந்துபோன கணத்தில் ரிலே எதை நம்ப வேண்டும் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி. நம் தெருக்களுக்கு மின்சாரம் தரும் ஒரு 33/11 கிலோவோல்ட் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் உள்ளே வரும் ஒரு இன்கமர், அதன் கீழ் மின்சாரம் வெளியே செல்லும் சில ஃபீடர்கள். ஃபீடரில் பழுது என்றால் ஃபீடர் ரிலே ட்ரிப் கொடுக்க வேண்டும், இன்கமர் பொறுத்திருக்க வேண்டும். அதற்காக இன்கமருக்கு நேரத் தாமதம் வைப்போம். ஆனால் பழுது பஸ்பாரிலேயே நடந்தால், அந்தத் தாமதம் முழுவதும் பேனலுக்குள் நெருப்பு எரியும். கூஸ் இருக்கும் இடத்தில், பழுதைப் பார்க்கும் ஃபீடர் ரிலே "இது என் பழுது, நீ பொறு" என்று இன்கமருக்குச் சொல்லிவிடும். அந்தச் சொல் வராமல் மின்னோட்டம் மட்டும் பெருகினால் பழுது பஸ்ஸில்தான் என்று இன்கமர் ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் வெட்டிவிடலாம்.

இப்போது தொடர்பு அறுந்திருக்கிறது என்று வையுங்கள். "பொறு" என்ற சொல் வராததற்குக் காரணம் பழுது பஸ்ஸில் என்பதா, சொல்ல வாய் இல்லை என்பதா? முதலாவது என்று எடுத்துக்கொண்டால், எங்கோ ஒரு கேபிள் பழுதுக்கு ஒரு வட்டாரமே இருளும். அதனால் தொடர்பு அறுந்த உடனேயே இந்த விரைவு முறையை நிறுத்திவிட்டு இன்கமரைப் பழைய நேரத் தாமதத்துக்குத் திருப்பிவிடுவதே முறை. பிரேக்கர் தவறினால் மற்றவற்றைத் திறக்கச் சொல்லும் செய்தி அறுந்தால், அதை "இல்லை" என்றே கொள்ள வேண்டும்; பிரேக்கர் இணைந்திருக்கிறதா என்ற தகவல் அறுந்தால், கடைசியாகத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்வது நல்லதா, தெரியாது என்று கொண்டு, தவறான இயக்கத்தைத் தடுக்கும் இன்டர்லாக்கைப் பூட்டுவது நல்லதா என்பதை ஒவ்வொரு செய்திக்கும் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எந்தத் தரநிலையும் இதை உங்களுக்காக யோசித்துத் தராது.

நீங்கள் கையால் இணைப்பைக் கழற்றி வைத்துச் சோதனை செய்வீர்களே, அதற்கு இணையான ஏற்பாடும் உண்டு. சோதனை நிலையில் உள்ள ரிலே அனுப்பும் தகவலில் சோதனைக் குறி ஒட்டியிருக்கும். இயல்பு நிலையில் உள்ள ரிலே அதன்படி செயல்படாது. முறைப்படி செய்தால் நல்ல ஏற்பாடுதான். ஒருமுறை நாங்கள் சோதனையை முடித்துவிட்டு ஒரு ரிலேயை இயல்பு நிலைக்குத் திருப்ப மறந்து வீட்டுக்குப் போய்விட்டோம். அது அனுப்பிய எதையும் மற்றவை ஏற்கவில்லை. கழற்றிய இணைப்பு மேசையில் கிடந்தால் கண்ணில் படும். இது கண்ணில் படாது. நல்லவேளையாக அந்த ரிலே தன் நிலையையும் அறிக்கையில் சொல்லிக்கொண்டிருந்ததால், மறுநாள் காலை திரையைப் பார்த்தவர் கூப்பிட்டார்.

இளநிலைப் பொறியாளர், ஸ்ரீபெரும்புதூர்: மின்னோட்டத்தின் அளவையே செய்தியாக அனுப்புவது எந்த அளவுக்குச் சாத்தியம்?

சாத்தியம் மட்டும் அன்று, நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். பஞ்சாபின் மலேர்கோட்லாவில் உள்ள பவர்கிரிட் நிலையத்தில் பழைய அமைப்பை மாற்றி இந்த முறையை வைத்தார்கள். திறந்தவெளி யார்டில், மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்க உதவும் சி.டி., பி.டி.க்கு அருகிலேயே ஒரு சேர்ப்புக் கருவி அலைவடிவத்தை எண்களாக்கி அனுப்பும். முதலில் பரவலான வழிமுறையில் ஒரு சுற்றுக்கு 80 மாதிரிகள், அதாவது 50 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 4,000 செய்திகள். ஒவ்வொன்றிலும் நான்கு மின்னோட்டம், நான்கு மின்னழுத்தம். பின்னர் வந்த தரநிலை விநாடிக்கு 4,800 மாதிரிகளை விரும்புகிறது. ஒரு கருவியின் ஓட்டமே ஏறத்தாழ 5 மெகாபிட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் இவை எத்தனை சேர்ந்து ஓடலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, தேவையில்லாதவற்றைத் தேவையில்லாத பக்கம் போகவிடாமல் பிரிக்க வேண்டும். இங்கே மறுபதிப்பு கிடையாது. ஒரு மாதிரி தொலைந்தால் அடுத்தது கால் மில்லி விநாடியில் வந்துவிடும்.

உண்மையான சிக்கல் கடிகாரம். இரண்டு கருவிகளின் நேரம் ஒரு மில்லி விநாடி விலகினால், 50 ஹெர்ட்ஸில் அது 18 பாகைக் கோணப் பிழை; வெவ்வேறு இடங்களின் மின்னோட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேறுபாட்டுப் பாதுகாப்பு ரிலே, இல்லாத பழுதைப் பார்த்துவிடும். ஒரு மைக்ரோ விநாடி விலகல் என்றால் பிழை 0.018 பாகை மட்டுமே. அதனால்தான் நிகழ்வுகளுக்கு நேரமுத்திரை இடப் போதுமான எளிய நேர முறையை இங்கே விட்டுவிட்டு, ஐ.இ.இ.இ. 1588 என்ற நுண்ணிய நேர ஒத்திசைவை வைக்கிறார்கள்.

குடும்பத் தலைவி, வேளச்சேரி: இவ்வளவு விரைவாகப் பேசிக்கொள்ளும் கருவிகள் இருந்தும், எங்கள் தெருவில் மின்சாரம் போனால் நாங்கள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே, ஏன்?

அம்மா, இந்தப் பேச்செல்லாம் நிலையத்தின் சுவருக்குள் நடப்பது. 11 கிலோவோல்ட் ஃபீடர் ட்ரிப் ஆனால் நிலையத்துக்குத் தெரியும். தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் ஸ்காடா அமைப்பு இருக்கும் நிலையமானால், பொதுவாக ஐ.இ.சி. 60870-5-104 என்ற வேறொரு முறையின் வழியே மையக் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிந்துவிடும். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃப்யூஸ் போனாலோ, வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கேபிள் எரிந்தாலோ அதைச் சொல்ல அங்கே கருவி இல்லை. ஆகவே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு நீங்கள் செய்யும் தொலைபேசி அழைப்புதான் அந்த இடத்தின் செய்தி.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்: பொது முகவரிக்கு, ரசீதும் கடவுச்சொல்லும் இல்லாமல் போகும் செய்தியை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாமே?

உள்ளே நுழைந்துவிட்டால் அனுப்பலாம், சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். நிலை எண்ணை ஒன்று கூட்டிப் போலிச் செய்தி விட்டால், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத ரிலே அதை உண்மை என்றே கொள்ளும். 2016 டிசம்பரில் உக்ரைனின் கீவ் நகரில் மின்தடை ஏற்படுத்திய தாக்குதலில் சிக்கிய தீநிரலில், 60870-5-101, 104 முறைகளோடு 61850 பேசத் தெரிந்த பகுதியும் இருந்தது. செய்தியின் உண்மையைச் சரிபார்க்க ஐ.இ.சி. 62351 என்ற துணைத் தரநிலை இருக்கிறது. மூன்று மில்லி விநாடிக்குள் கையொப்பச் சோதனையும் முடிய வேண்டும் என்பது அதன் சவால். அந்தச் சரிபார்ப்பு ரிலேக்களில் நடைமுறைக்கு வரும் வரை, நிலைய வலையமைப்பை அலுவலக வலையமைப்போடு சேர்க்காதிருப்பதும், ஸ்விட்சின் காலி வாய்களை மூடி வைப்பதும், பராமரிப்புக்கு வருபவரின் மடிக்கணினியை நேராகச் செருகவிடாதிருப்பதும்தான் கையில் இருக்கும் காவல். இவற்றில் கடைசியை நடைமுறைப்படுத்துவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம்.

மின் ஒப்பந்ததாரர், கொரட்டூர்: தரநிலை ஒன்று என்றால் ஒரு நிறுவனத்தின் ரிலேயை எடுத்துவிட்டு இன்னொன்றை பல்பு மாட்டுவதுபோல மாட்டிவிடலாம்தானே?

விற்பனைக்கு வருபவர்கள் அப்படிச் சொல்லக்கூடும். தரநிலையில் கட்டாயமானவையும் உண்டு, விருப்பத்துக்கு விட்டவையும் உண்டு. ஒரு நிறுவனம் தரும் விருப்பத் தகவலை இன்னொன்று தராது. ஒன்றின் தொகுதியில் அடங்கும் எண்ணிக்கை மற்றொன்றில் அடங்காது. முதல் பதிப்பின் கருவியும் இரண்டாம் பதிப்பின் கருவியும் சில இடங்களில் முறைத்துக்கொள்ளும். கொள்முதல் ஒப்பந்தத்தில் "61850க்கு உட்பட்டது" என்று மட்டும் எழுதுவது, "தமிழ் தெரிந்தவர் தேவை" என்று மட்டும் விளம்பரம் செய்து கணக்கர் தேடுவதற்குச் சமம்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமானது வேறு. ஒவ்வொரு கருவியும் தன்னால் என்னென்ன முடியும் என்று ஒரு கோப்பைத் தரும். அவற்றையெல்லாம் சேர்த்து, யார் யாருக்கு எதை அனுப்ப வேண்டும் என்று முழு நிலையத்துக்கும் ஒரே கோப்பு உருவாக்கப்படும். அந்தக் கோப்புதான் இன்றைய கம்பி வரைபடம். செய்தியில் மதிப்புகள் மட்டும் போவதால், இரு முனையிலும் பட்டியல் ஒன்றாக இல்லாவிட்டால் மூன்றாவது மதிப்பை நான்காவதாகப் படிக்கும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கவே ஒவ்வொரு கூஸ் செய்தியிலும் பட்டியலின் பதிப்பெண் சேர்ந்து போகிறது. பொருந்தாத பதிப்பைக் கண்டால் பெறும் ரிலே ஏற்க மறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ரிலேயில் மட்டும் மாற்றிவிட்டு நிலையக் கோப்பைப் புதுப்பிக்காமல் போகும் பழக்கம் இருந்தால், அடுத்து வருபவர் பழைய கோப்பை ஏற்றி எல்லாவற்றையும் குலைத்துவிடுவார். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை, நிலையத்தின் இறுதிக் கோப்பு கைக்கு வந்து சரிபார்த்த பிறகு தருவதாக எழுதச் சொல்லுங்கள்.

தமிழாசிரியர், மயிலாப்பூர்: இந்தப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சுருக்கங்களாகவே இருக்கின்றனவே, பிரேக்கருக்கும் மின்மாற்றிக்கும் தமிழில் பெயரிட இடம் உண்டா?

நான்கெழுத்துப் பெயர்களை மாற்ற முடியாது. அவற்றை மாற்றினால் கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது, அதில் ஒன்றை யூனிகோடு எழுத்துகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே "மின்மாற்றி" என்று தாராளமாக எழுதலாம். யு.டி.எஃப். 8 முறையில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், அந்த ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 30 பைட் ஆகும். ஆம், இல்லை என்ற மதிப்புக்கு மூன்றே பைட் என்று மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் விளக்கம் கோப்பிலும் கருவியின் நினைவகத்திலும் இருக்குமே தவிர, ட்ரிப் செய்தியில் ஏறிப் போவதில்லை. எனவே கட்டுப்பாட்டு அறையின் திரையில் தமிழ்ப் பெயர் தெரிவதால் ஒரு மைக்ரோ விநாடியும் வீணாகாது. திரை மென்பொருளில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.